ஒரு தோட்டத்துச் சம்பளக் கணக்கும் நான்கு கணினிகளும்

சி மொழியில் எழுதிய நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் கம்பைல் செய்வது, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது, ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கே இடிக்கிறது என்று கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும். உட்கார்ந்து திருத்தினால் முடிந்தது. தலைவலி அதற்கப்புறம்தான். மூன்றிலும் பிழையே இல்லாமல் ஓடும், ஆனால் மூன்றும் மூன்று விடை சொல்லும். பெரிய வித்தியாசமாக இருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். ஒரு சென் (மலேசியக் காசு), ஒரு நாள், பட்டியலில் இரண்டு பெயர் இடம் மாறுவது என்று வந்தால், பொறுமையாகக் கணக்குப் பார்க்கிற ஆள் யாராவது இருந்தால்தான் வெளியே வரும்.

எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்று சொன்னால் மலேசியாவில் எல்லோருக்கும் இடம் புரிந்துவிடும். ஈப்போவுக்கு வடக்கே, ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் பால்மரமாக (ரப்பர்) இருந்த வட்டாரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. கிராணி அண்ணன் கால்குலேட்டரை நம்புகிற அளவுக்குக் கணினியை நம்பமாட்டார். மாதா மாதம் சம்பளப் பட்டியலை அச்செடுத்து, பேனா மூடியால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே கூட்டிப் பார்ப்பார். நான் இங்கே சொல்லப்போகிற பிழைகளில் பாதியை அவர்தான் பிடித்தார்.

நிரலுக்கு இரண்டு வேலை. குலை ஏற்றிய லோரி வேபிரிட்ஜ் என்ற எடைமேடையில் ஏறும்போது எடையை வாங்கிப் பதிவது ஒன்று. மாதக் கடைசியில் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) போட்டுச் சம்பளம் கணக்கிடுவது இன்னொன்று. ஆபீசில் 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. வேபிரிட்ஜ் சாவடியில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி, சுருக்கமாக பை. ஈப்போவில் இருக்கும் கணக்காளரிடம் ஆப்பிளின் புது ரக மேக். என்னிடம் லினக்ஸ் மடிக்கணினி. பைத்தானில் எழுதக்கூடாதா என்று கேட்காதவர் இல்லை. எழுதலாம். ஆனால் அந்த ஆபீஸ் கணினியில் எதையும் நிறுவ முடியாது, மழை பிடித்தால் இணையமும் இருக்காது. பென்டிரைவில் ஒரே ஒரு ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டால் ஓட வேண்டும். போதாததற்கு, முன்பு இதை எழுதியவர் சியில்தான் எழுதி வைத்துவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸுக்கு மட்டும் என்று எழுதினார், விண்டோஸில் அது ஒழுங்காகவே ஓடியது. மற்ற மூன்று கணினிகளும் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

முதலில் மாட்டியது லாங். சியில் முழு எண்ணை வைக்க இன்ட், லாங் என்று சில வகைகள் உண்டு. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் என்றால் 8 பைட். விண்டோஸில், அது 64 பிட்டாகவே இருந்தாலும், 4 பைட்தான். சி தரநிலை சொல்வது குறைந்தபட்ச அளவை மட்டும்: இன்ட் 16 பிட்டுக்குக் குறையக்கூடாது, லாங் 32 பிட்டுக்குக் குறையக்கூடாது. மேலே எவ்வளவு என்பது கம்பைலர் செய்கிறவர் இஷ்டம். பழைய நிரல் ஒவ்வொரு தொழிலாளியின் விவரத்தையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல விவரங்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) வைத்து, அதை நினைவகத்தில் இருக்கிறபடியே எஃப்ரைட் என்ற சார்பால் ஃபைலில் கொட்டியிருந்தது. பை 32 பிட் சிஸ்டத்தில் ஓடியவரை பிரச்சினை இல்லை, அங்கேயும் லாங் 4 பைட். ராஸ்பெரி பைக்கு அதிகாரபூர்வ 64 பிட் சிஸ்டம் 2022ல் வந்தது. மெமரி கார்டு பழுதாகிப் புதுக் கார்டில் அதை ஏற்றினோம். முதல் ஆளின் விவரம் பாதிவரை சரியாக வந்தது, அங்கிருந்து எல்லாம் குப்பை. ஒரு வரி நிரலைக்கூட யாரும் மாற்றவில்லை.

எஸ்டிடிஇன்ட் ஹெடர் (நிரலில் சேர்த்துக்கொள்ளும் வரையறை ஃபைல்) C99 என்ற 1999ஆம் ஆண்டுச் சி தரநிலைக் காலத்திலிருந்தே இருக்கிறது. அதிலுள்ள இன்ட்32, இன்ட்64 வகைகளை வைத்து எழுதினால் அகலம் எங்கும் ஒன்றே. அது நல்லதுதான், ஆனால் அதோடு வேலை முடியாது. ஸ்ட்ரக்டின் உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் காலி பைட்டுகளைச் செருகும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஸ்ட்ரக்டை மொத்தமாக ஃபைலில் கொட்டுவதையே நான் விட்டுவிட்டேன். இப்போது எல்லாம் காற்புள்ளி வைத்துப் பிரித்த எழுத்து ஃபைல். இருநூறு முந்நூறு பேர் உள்ள தோட்டத்துக்கு, எழுத்தாகப் படிக்க முடியாத பைனரி ஃபைலின் வேகம் எதற்கு? எழுத்து ஃபைலாக இருந்தால் கிராணி அண்ணனே நோட்பேடில் திறந்து பார்த்துவிடுவார். பைனரிதான் வேண்டும் என்கிற இடத்தில், எண்ணை எட்டெட்டு பிட்டாக நகர்த்தி, பைட் பைட்டாக, வரிசையை நாமே முடிவுசெய்து எழுதிவிட வேண்டும். அப்புறம் ஸ்ட்ரக்ட் எப்படி இருந்தால் என்ன, பைட் வரிசை எப்படி இருந்தால் என்ன.

பைனரி ஃபைலை எஃப்ஓபன் சார்பால் திறக்கும்போது, திறக்கும் முறையோடு 'பி' எழுத்தைச் சேர்க்க மறக்கக்கூடாது. லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு ஒரு விளைவும் இல்லை, அதனால்தான் அங்கே எழுதிப் பழகியவர்கள் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸில் 'பி' இல்லாமல் திறந்தால், எழுதும்போது 10 என்ற (வரி முடிவு) பைட்டுக்கு முன்னால் 13 ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். படிக்கும்போது 26 என்ற பைட் வந்தால் ஃபைல் முடிந்தது என்று நிறுத்திவிடும். சிபி/எம் என்ற பழைய சிஸ்டத்தின் காலத்தில் ஃபைலின் சரியான நீளத்தைக் குறித்துவைக்க வழி இல்லாததால் எழுத்து ஃபைலின் முடிவில் 26ஐப் போட்டார்கள். அந்தப் பழக்கம் விண்டோஸுக்கு முந்திய டாஸ் வழியாக இன்றுவரை தொடர்கிறது.

இனி பிறந்த தேதி விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிரல் எழுதுகிற எவருக்கும் வரக்கூடியது.

ஒரு நாள் கிராணி அண்ணன் போன் செய்தார். "தம்பி, இந்தப் புதுப் பட்டியல்ல நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு ஒரு நாள் முன்னாடியே பொறந்த மாதிரி வருது. ஐ.சி.யைப் பாரு, இதைப் பாரு. இடிக்குது லா."

"எல்லாருக்குமா அண்ணே?"

"இல்லை. சின்னப் பசங்களுக்கெல்லாம் சரியா இருக்கு. நம்ம வயசுக்காரங்களுக்குத்தான். அதுலயும் ரொம்பப் பெரியவங்க எல்லாரும் ஜனவரி ஒண்ணாந் தேதியாம். அது எப்படி?"

மலேசிய அடையாளக் கார்டு (ஐ.சி.) எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 750815 என்று தொடங்கினால் 1975 ஆகஸ்ட் 15. பட்டியலில் அதே ஆளுக்கு ஆகஸ்ட் 14 என்று வந்தது. ஆபீஸ் கணினியில் அச்செடுத்தால் சரி. பையிலும் என் மடிக்கணினியிலும் மேக்கிலும் அச்செடுத்தால் தப்பு. பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது. 1982லும் அதற்கு அப்புறமும் பிறந்தவர்கள் யாருக்கும் பிரச்சினை இல்லை. 1970 முதல் 1981 வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் குறைந்தது.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரமாக்கினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு முள்ளை நேரே பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) போய்ப் பழகிய பெரியவர்களைக் கேட்டால் அந்த அரை மணியைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

பழைய நிரல் பிறந்த தேதியை எம்கேடைம் என்ற சி சார்பிடம் கொடுத்து, 1970லிருந்து எத்தனை விநாடி என்று மாற்றிச் சேமித்துவைத்தது. விண்டோஸ் எங்கள் நேர வட்டத்துக்கு எட்டு மணி என்பதை மட்டுமே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, 1975க்கும் அதே எட்டுதான். லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கும் நேர வட்டத் தரவில் பழைய ஏழரையும் பதிவாகியிருக்கிறது. ஆகவே விண்டோஸில் 15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்று பதிந்த விநாடியை லினக்ஸில் விரித்தால் 14ஆம் தேதி இரவு 11.30 ஆகிறது. பட்டியலில் மணியை அச்சிடுவதில்லை, தேதி மட்டும்தான். அரை மணி போனது தெரியாது, ஒரு நாள் போனது மட்டும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், வரலாற்றின்படி பார்த்தால் லினக்ஸ் செய்ததுதான் சரி.

ஜனவரி முதல் தேதிக்காரர்கள் வேறு கணக்கு. மைக்ரோசாஃப்டின் சி நூலகத்தில் எம்கேடைம் 1970க்கு முந்திய தேதியை ஏற்காது, -1 என்று பிழைக்குறி தரும். பழைய நிரல் அந்த -1ஐயே விநாடியாக நினைத்துச் சேமித்துவிட்டது. விண்டோஸில் அதைத் திரும்ப விரிக்கப் போனால், விநாடியைத் தேதியாக்கும் லோக்கல்டைம் சார்பு ஒன்றும் தராது, அந்தக் கட்டம் காலியாக அச்சாகும், கிராணி அண்ணன் பேனாவால் எழுதிவிடுவார். பல வருடமாக நடந்த வழக்கம், யாரும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை. லினக்ஸோ -1ஐ நியாயமான நேரமாக எடுத்துக்கொள்கிறது: 1970க்கு ஒரு விநாடி முன்னால், கிரீன்விச்சில். அப்போது எங்கள் ஊரில் ஜனவரி 1 காலை ஏழரை ஆகப்போகிற நேரம். எனவே முதியவர்கள் அத்தனை பேரும் 1970 ஜனவரி 1ல் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கழிவும் 60க்கு மேல் வேறு மாதிரி. அறுபதைத் தாண்டிய ஒரு அக்காவை கணினி ஐம்பதுகளில் வைத்திருந்தால் கழிவு தப்பாகப் போகும், அதைத் திரும்ப வாங்க யார் அலைவது?

நிரலில் திருத்தம் சின்னதுதான். பிறந்த தேதி என்பது ஒரு கணம் அல்ல, நாட்காட்டியில் ஒரு நாள். அதற்கு மணியும் கிடையாது, நேர வட்டமும் கிடையாது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்ணாகவோ 1975-08-15 என்று எழுத்தாகவோ வைத்துக்கொண்டால் எந்தக் கணினியும் அதைத் தொடாது. லோரி வந்த நேரம் உண்மையிலேயே ஒரு கணம். அதை கிரீன்விச் நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுகிறேன். பழைய தரவைச் சரிசெய்வதுதான் இழுத்தது. ஐ.சி. எண்ணிலிருந்து உள்ளூர்க்காரர்களின் தேதியை மீட்டுவிடலாம். நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு ஐ.சி. ஏது? அலமாரியிலிருந்து பாஸ்போர்ட் நகல்களை எடுத்து கிராணி அண்ணன் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.

அடுத்தது காசு. குலை வெட்டுகிறவர்களுக்கு டன் கணக்கில் கூலி. எடையை விலையால் பெருக்கி, படியைக் கூட்டி, டபுளில், அதாவது தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகையில், வைத்திருந்தது பழைய நிரல். பையிலும் மேக்கிலும் சிலருக்கு ஆபீஸ் கணினியைவிட ஒரு சென் வித்தியாசம். "ஒரு சென் தானே அண்ணே" என்று சொன்னால் கிராணிகள் மன்னிக்கமாட்டார்கள். 2008 ஏப்ரலிலிருந்து கடைகளில் ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டிவிடுகிறார்கள் என்றாலும், கணக்குப் புத்தகத்தில் ஒரு சென் ஒரு சென்தான்.

காரணம் இது. பையிலும் அந்தப் புது மேக்கிலும் இருக்கும் 64 பிட் ஆர்ம் சிப்பில் பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாகச் செய்ய வசதி உண்டு. ஜிசிசி என்ற கம்பைலர் தானாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அப்போது கடைசியில் ஒரே ஒரு முறைதான் முழுமையாக்கல் (கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டுவது) நடக்கும். சாதாரணமாக இன்டெலுக்குக் கம்பைல் செய்தால் பெருக்கிய பின் ஒரு முறை, கூட்டிய பின் ஒரு முறை. கடைசி பிட் மாறும். அரை சென்னில் வந்து நிற்கும் தொகை ஒரு கணினியில் மேலே போகும், இன்னொன்றில் கீழே இறங்கும். பழைய 32 பிட் இன்டெலில் இன்னொரு கூத்து: உள்ளே 80 பிட் அகலத்தில் கணக்குப் போட்டுவிட்டு, நினைவகத்தில் எழுதும்போது 64ஆக வெட்டும். அந்த ஒரே கட்டளை வேலையை நிறுத்த கம்பைலருக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, எஃப்பி-கான்ட்ராக்ட்டை ஆஃப் செய்வது. ஆனால் சம்பளத்துக்கு அது மருந்து இல்லை. காசை டபுளில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

எடை கிலோவில் முழு எண். விலை டன்னுக்கு எத்தனை சென் என்று முழு எண். எடுத்துக்காட்டாக 2,345 கிலோ, டன்னுக்கு 48 வெள்ளி (ரிங்கிட்) என்றால், 2345ஐ 4800ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்கிறோம்: 11,256 சென், அதாவது 112 வெள்ளி 56 சென். மீதி வந்தால் எந்தப் பக்கம் சரிக்கட்டுவது என்பதை நாமே ஒரு வரியில் எழுதிவிடலாம், சிப்பிடம் விடத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: கழிவு எதிர்மறை எண்ணாக வரும்போது வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும் என்று உறுதியாகச் சொன்னது C99தான். அதற்கு முந்திய தரநிலை அதைக் கம்பைலரிடம் விட்டிருந்தது. ஆபீஸ் கணினிக்காகப் பழைய கம்பைலர் எதையாவது தூசு தட்டி எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பட்டியலில் பெயர் இடம் மாறியதை மண்டோர் என்ற வேலைக் கண்காணிதான் சொன்னார். ஒரே எடை வெட்டிய இரண்டு பேரில் யார் மேலே, யார் கீழே என்பது கணினிக்குக் கணினி மாறியது. ஊக்கத்தொகைப் பட்டியலை ஆபீஸ் வாசலில் ஒட்டுவதால் அதிலும் ஒரு மனத்தாங்கல். வரிசைப்படுத்தும் கியூசார்ட் சார்பு சமமான இரண்டை எந்த வரிசையில் வைக்கும் என்று தரநிலை எதுவும் சொல்வதில்லை. ஒப்பிடும் சார்பில், எடை சமமானால் தொழிலாளி எண்ணைப் பார் என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

தமிழ்ப் பெயர்கள் வந்தபோது ஒரு பைட்டை வைக்கும் கேரக்டர் வகை தன் வேலையைக் காட்டியது. இன்டெலில் அது கூட்டல், கழித்தல் குறியோடு வரும், 128ம் அதற்கு மேலும் உள்ள பைட் எதிர்மறை எண்ணாகத் தெரியும். ஆர்ம் லினக்ஸில் குறி இல்லை. மேக்கில், அதுவும் ஆர்ம் சிப்தான், குறி உண்டு! யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், 'மு' என்பது மகரமும் உகரக் கொக்கியும் சேர்ந்து 6. எல்லாமே 128 அல்லது அதற்கு மேல். எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போன்ற சார்புகளுக்கு எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கொடுக்கும் முன் குறியில்லாத வகைக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கெட்கேர் தருவதை எப்போதும் இன்டில் வாங்க வேண்டும். கேரக்டரில் வாங்கினால் பையில் ஃபைல் முடிவே வராது, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் குறியில்லாத எண் ஒருபோதும் ஃபைல் முடிவைக் காட்டும் -1க்குச் சமமாகாது. ஜிசிசியில் கேரக்டரை வேண்டுமென்றே குறியில்லாததாக ஆக்கும் சுவிட்ச் உண்டு. அதைப் போட்டு மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்தால் பை வரை போகாமலே பாதி தெரிந்துவிடும்.

திரையில் பெயர்களை நெடுவரிசையாக நேர்நிறுத்தும் ஆசையை மட்டும் நான் கைவிட்டேன். அச்சிடும் பிரின்ட்எஃப் சார்பு பைட்டை எண்ணுகிறது, கண் எழுத்தை எண்ணுகிறது. பட்டியலை எச்டிஎம்எல் ஆக எழுதி பிரவுசரில் திறந்தால் அட்டவணை தானாக நேராக நிற்கிறது. எக்செலுக்குப் போகும் ஃபைலின் தொடக்கத்தில், இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் கணக்காளருக்கு முனியம்மா கோடும் கொக்கியுமாகத் தெரிவார். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பதில்லை. விண்டோஸில் சாதாரண எஃப்ஓபன் அதைக் கணினியின் கோட்பேஜ் (பழைய எழுத்து அட்டவணை) வழியே புரிந்துகொள்ளப் பார்க்கும், சரிப்பட்டு வராது.

ஆங்கிலப் பெயரிலும் கண்ணி உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களின் ஃபைலுக்குச் சுருக்கமாக 'கான்' என்று சி, ஓ, என் மூன்றெழுத்தில் பெயர் வைத்து கணக்காளர் மேக்கிலிருந்து அனுப்பினார். ஆபீஸ் கணினியில் அது திறக்கவே மாட்டேன் என்றது. விண்டோஸில் அந்த மூன்றெழுத்து திரை-விசைப்பலகைக்கு ஒதுக்கிய பெயர், பின்னால் எந்த நீட்சி வைத்தாலும் அப்படித்தான். ஆக்ஸ், பிஆர்என், நல் எல்லாம் அதே இனம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை லினக்ஸ் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது, மேக் வழக்கமான அமைப்பில் பார்க்காது. சின்ன எழுத்து, எண், கீழ்க்கோடு இந்த மூன்றை வைத்தே பெயர் வைப்பது என்று முடிவுசெய்த பிறகு நிம்மதி.

இதுவரை சொன்ன எதற்கும் 'இது விண்டோஸா' என்று நிரலுக்குள் கேட்கத் தேவையே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பலரும் எங்கும் ஓடும் நிரல் என்றதும் இஃப்டெஃப் போடுவதைத்தான், அதாவது கணினிக்கு ஏற்ப சில வரிகளைச் சேர்த்தும் விட்டும் கம்பைல் செய்வதைத்தான், நினைக்கிறார்கள். சம்பளக் கணக்கின் நடுவே இஃப்டெஃப் வந்தால், நான்கு கணினிக்கு நான்கு சம்பளக் கணக்கு எழுதியதாகத்தான் அர்த்தம். உண்மையிலேயே ஓஎஸ் (இயங்குதளம்) மாறினால் மாறுகிற வேலை எங்கள் நிரலில் இரண்டே: வேபிரிட்ஜ் எடை வந்து சேரும் சீரியல் போர்ட்டும், ஃபைலை மாற்றிவைப்பதும். அவற்றுக்குத் தனியாக ஒரு ஹெடர். அதில் திற, படி, மூடு, மாற்றிவை என்று நான்கு சார்புகள். விண்டோஸுக்கு ஒரு ஃபைல், மற்றவற்றுக்கு ஒரு ஃபைல். கம்பைல் செய்யும்போது மேக்ஃபைல் (கம்பைல் கட்டளைகள் எழுதிய ஃபைல்) அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

சீரியல் போர்ட்டை அமைக்கும் முறையை விண்டோஸ் டிசிபி என்கிறது, யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸும் மேக்கும் டெர்மியோஸ் என்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று: வேபிரிட்ஜ் கருவி அனுப்பும் ஒரு வரி ஒரே படிப்பில் முழுசாக வரும் என்று நம்பக்கூடாது. லோரி மேடையில் ஏறி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது கருவி 'நிலையில்லை' என்று குறிபோட்டு வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பாதி வரி ஒரு படிப்பில், மீதி அடுத்ததில். 12,340 கிலோவில் 123 மட்டும் வந்து, அதையே எடை என்று பதிந்தால் லோரிக்காரர் சும்மா விடுவாரா? வரி முடிவு வரும்வரை நாமே சேர்த்துவைத்து, 'நிலையானது' என்ற குறி இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். அந்த வேலை பொதுவான பகுதியில், ஒரே ஒரு முறை. இன்னொன்று: யூஎஸ்பி வயரை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் புது காம் (சீரியல் போர்ட்) எண் கொடுத்துவிடக்கூடும். 9ஐத் தாண்டியதும் வெறும் பெயர் போதாது, முன்னால் \\.\ சேர்க்க வேண்டும். எல்லா எண்ணுக்கும் அதையே சேர்த்துவிட்டால் 9 வரையுள்ள எண்ணுக்கும் வேலை செய்யும், யோசிக்கவே வேண்டாம்.

மதியம் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் கரண்ட் போவது இங்கே புதிதல்ல. அதனால் ஃபைலைப் புதுப் பெயரில் முழுசாக எழுதி, டிஸ்கில் இறங்கிவிட்டதை உறுதிசெய்து, அப்புறம் பழைய பெயருக்கு மாற்றுகிறோம். லினக்ஸிலும் மேக்கிலும் ரீநேம் பழையதன் மேலேயே அமர்ந்துவிடும். விண்டோஸில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் ரீநேம் தோற்றுவிடும். பழையதை அழித்துவிட்டு ரீநேம் செய்தால் போயிற்று என்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் அந்தப் பெயரில் ஒன்றுமே இருக்காது. விண்டோஸின் மூவ்ஃபைல்எக்ஸ் சார்பை, இருப்பதை மாற்றிவிடு என்ற கொடியோடு அழைப்பதுதான் வழி.

சோதனை முறை மிகவும் எளிது, சொல்லப்போனால் கிராணி அண்ணனிடம் கற்றது. ஒரு மாதத்து எடைப் பதிவையும் வருகைப் பதிவையும் எடுத்து, பெயர்களை மாற்றிவிட்டு, மாதிரித் தரவாக வைத்திருக்கிறேன். 1982க்கு முன்னும் பின்னும் பிறந்தவர்கள், 1970க்கு முந்தியவர்கள், ஒரே எடை வெட்டிய இருவர், கழிவு கூலியைத் தாண்டிய ஒருவர், நீளமான தமிழ்ப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எந்த மாற்றம் செய்தாலும் நான்கு கணினிகளிலும் ஓட்டி, வந்த ஃபைல்களை பைட் பைட்டாக ஒப்பிடுவேன். ஒரு பைட் மாறினாலும் அது ஆபீசுக்குப் போகாது. விண்டோஸ் ஃபைலை என் லினக்ஸ் மடிக்கணினியிலேயே மிங்டபிள்யூ-டபிள்யூ64 என்ற கம்பைலர் தொகுப்பை வைத்துக் கம்பைல் செய்து, விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக அந்த நிஜமான விண்டோஸ் 7 முன்னால் போய் உட்காருவேன். வைனில் ஓடியது அங்கே ஓடாமல் போனதும் உண்டு. விண்டோஸின் பழைய எம்எஸ்விசிஆர்டி நூலகத்தின் பிரின்ட்எஃப்க்கு C99ல் வந்த சில வடிவக் குறிகள் தெரியாது. 64 பிட் எண்ணை அச்சிட இன்ட்டைப்ஸ் ஹெடரில் உள்ள பெயர்களைப் பயன்படுத்துவதே பத்திரம். ஜிசிசியின் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவைத்து, முகவரிப் பிழை, வரையறையில்லாத நடத்தை இரண்டையும் காட்டிக்கொடுக்கும் சானிடைசர்களையும் போட்டு ஓட்டினால், கிராணி அண்ணன் கண்ணுக்குப் போகும் முன்பே பல பிழைகள் மாட்டிக்கொள்கின்றன.

ஒன்றை மட்டும் நான்கு கணினிக்கும் கொண்டுபோகவில்லை. ஆபீசில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது, லோரிக்காரருக்குக் கார்பன் வைத்து மூன்று நகல் ரசீது அதில்தான் அடிக்கிறார்கள். பழைய நிரலில் அதற்கான பகுதி விண்டோஸுக்கென்றே எழுதியது, கச்சிதமாக ஓடுகிறது. பையிலிருந்தே அச்சடிக்க முடியுமா என்று மேனேஜர் கேட்டார். முடியும். ஆனால் பிரிண்டர் ஒன்றுதான், அது இருக்கும் இடமும் ஒன்றுதான், அதன் பக்கத்தில் இருப்பது விண்டோஸ்தான். அந்தப் பகுதியைத் தனி ஃபைலில் ஒதுக்கி, மேலே 'விண்டோஸ் மட்டும்' என்று எழுதிவிட்டேன்.